பென்ஷன் விசாவா? கணக்கை இரண்டு தடவை போடுங்க

ரிட்டயர்மென்ட் நெருங்கினாலே இப்போ வீடுகளில் ஒரு புதுப் பேச்சு கிளம்புது. "போர்ச்சுகல்ல பென்ஷன் சிலிப்பைக் காட்டினாலே விசாவாம்", "தாய்லாந்துக்கு அம்பது வயசு ஆனாப் போதுமாம்". தங்கச்சிகளே, தம்பிகளே, தாராளமாப் போங்க. எல்.டி.சி. பயணச் சலுகையைக்கூட முழுசா அனுபவிக்காம வேலையே கதின்னு கிடந்தவங்க நாம. போற வழி இருந்தா ஏன் போகக் கூடாது?

ஆனா விசா ஃபாரத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கை இரண்டு தடவை போடணும். ஒரு தடவை, இரண்டு பேரும் இருக்கும்போது. இன்னொரு தடவை, பென்ஷன் வாங்குறவர் போனதுக்கு அப்புறம். வீட்டில் யாரும் இந்த இரண்டாவது கணக்கைப் போடறதில்லை. அபசகுனம்னு வாயை மூடிடறாங்க. நான் அக்கா, நான் பேசித்தான் ஆகணும்.

பிள்ளைங்க இருக்கிற ஊரு வேற கதை

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். பையனோ பொண்ணோ இருக்கிற நாட்டுக்குப் போய் செட்டில் ஆகணும்னா, பெரும்பாலும் உங்க பென்ஷன் அங்கே செல்லாது. அமெரிக்காவில் ஓய்வுபெற்றவங்களுக்குன்னு விசாவே கிடையாது. பிள்ளை அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, 21 வயசும் ஆகியிருந்தா அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு கேட்கலாம். அதுவும் பிள்ளை வருமானத்தைக் காட்டித்தான். கார்டு வந்த பிறகும், 65 வயசு தாண்டினவங்க மெடிகேரில் பணம் கட்டிச் சேரணும்னா அங்கே 5 வருஷம் தொடர்ந்து இருந்திருக்கணும். கனடாவோட சூப்பர் விசாவில் ஒரு தடவை போனா 5 வருஷம் வரை தங்கலாம். ஆனா பார்க்கிறது பிள்ளையோட சம்பளத்தை. கூடவே குறைஞ்சது 1,00,000 கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு. சிங்கப்பூரில் வேலைப் பாஸில் இருக்கிற பிள்ளைக்கு மாசம் 12,000 வெள்ளி நிலையான சம்பளம் இருந்தாத்தான் பெற்றவங்களுக்கு நீண்டகாலப் பாஸ் கேட்க முடியும். ஓய்வுபெற்றவங்களுக்குன்னு இருந்த வழியை பிரிட்டன் 2008-லயே மூடிடுச்சு, ஆஸ்திரேலியா 2018-ல் மூடிடுச்சு.

அதனால இந்த நாடுகளை ஓரமா வைங்க. நம்ம பென்ஷனையே பார்த்து உள்ளே விடற நாடுகளைப் பேசுவோம்.

போர்ச்சுகல்

இவங்க கொடுக்கிற விசாவுக்கு டி7னு பேரு. சம்பாதிக்காம வர்ற வருமானம் இருக்கணும்: பென்ஷன், வாடகை, வட்டி, டிவிடெண்ட் இப்படி. அளவுகோல் அந்த நாட்டுக் குறைந்தபட்சக் கூலி. 2025-ல் அது மாசம் 870 யூரோ. கணவன் மனைவியா போனா பாதி கூட, அதாவது 1,305 யூரோ. இதுக்கு மேல அங்கே ஒரு பேங்க் கணக்கு, அதில் ஒரு வருஷத்துக்கு ஈடான தொகை, வரி எண், தங்கப்போற வீட்டுக்கு ஆதாரம் எல்லாம் கேட்பாங்க. முதலில் கிடைக்கிறது 4 மாச விசாதான். அதுக்குள்ள அங்கே போய் 2 வருஷத்துக்கான குடியிருப்பு அனுமதி வாங்கணும். அடுத்தது 3 வருஷம்.

ஐரோப்பாவில் இவ்வளவு குறைஞ்ச வருமானத்துக்குக் கதவு திறக்கிறது அபூர்வம். பக்கத்தில் இருக்கிற ஸ்பெயின் ஒரு ஆளுக்கே மாசம் 2,400 யூரோ கேட்குது, மனைவிக்கு இன்னும் 600. அதனாலதான் எல்லாரும் போர்ச்சுகல் போர்ச்சுகல்னு சொல்றாங்க. ஆனா அந்த 870 அப்படியே நிற்காது. 2020-ல் அது 635 யூரோ. வருஷா வருஷம் ஏறிக்கிட்டே வந்திருக்கு. நம்ம பென்ஷன் ரூபாயில் ஏறுது, அவங்க வரம்பு யூரோவில் ஏறுது. அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது அன்றைய வரம்பைத்தான் பார்ப்பாங்க.

இன்னொண்ணு. அனுமதிக் காலத்தில் தொடர்ந்து 6 மாசத்துக்கு மேலயோ, விட்டு விட்டு 8 மாசத்துக்கு மேலயோ வெளியே இருந்தா அனுமதி போயிடலாம். மகள் பிரசவத்துக்கு நாலு மாசம், ஊர்த் திருவிழாவுக்கு இரண்டு மாசம், கல்யாணத்துக்கு மூணு மாசம்னு பறக்கிறவங்களுக்கு இது சரிப்படாது.

தாய்லாந்து

50 வயசு ஆகியிருக்கணும். மாசம் 65,000 பாட் வருமானம், இல்லைன்னா பேங்கில் 8,00,000 பாட் டெபாசிட். நம்ம பணத்தில் அந்த மாச வருமானம் ஒன்றரை லட்சத்துக்கு மேல போகும். பெரும்பாலான நம்ம பென்ஷன் அதுக்கு எட்டாது. ஆனா மூணாவதா ஒரு வழி இருக்கு, ஏஜென்ட் பல பேர் அதைச் சொல்றதில்லை: வருஷ பென்ஷனும் டெபாசிட்டும் சேர்ந்து 8,00,000 பாட் வந்தாலும் ஏத்துக்கிறாங்க. முழுத் தொகையையும் டெபாசிட்டாப் புரட்ட வேண்டியதில்லை.

டெபாசிட் வழியில் போனா ஒரு கட்டுப்பாடு. வருஷா வருஷம் நீட்டிக்கும்போது, அதுக்கு 2 மாசம் முன்னாடியும் 3 மாசம் பின்னாடியும் 8 லட்சம் பாட் முழுசா இருக்கணும். மற்ற மாசங்களிலும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அப்போ அது உங்க பணம்தான், ஆனா அவசரத்துக்கு உதவாத பணம். 90 நாளைக்கு ஒரு தடவை இருப்பிடத்தைத் தெரிவிக்கணும். ஊருக்கு வந்துட்டுத் திரும்பணும்னா கிளம்பும் முன்னாடியே மறுநுழைவு அனுமதி இருக்கான்னு பார்த்துக்கணும், இல்லைன்னா விசாவே ரத்தாகிடும். இங்கிருந்தே ஓ-ஏ விசா எடுத்துட்டுப் போறவங்களுக்கு 30 லட்சம் பாட் மருத்துவக் காப்பீடு கட்டாயம். எழுபதைத் தாண்டினவங்களுக்கு இந்தக் காப்பீட்டு பிரீமியம்தான் விசாவைவிடப் பெரிய செலவு.

அங்கே வீடு வாங்கும் ஆசை இருந்தா, வெளிநாட்டவர் பேரில் நிலம் வாங்க முடியாது. ஃப்ளாட் வாங்கலாம், அதுவும் கட்டடத்தில் 49 சதவீதம் வரைதான் வெளிநாட்டவருக்கு. வேலை எதுவும் பார்க்கக் கூடாது. "சும்மா நாலு பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தர்றேன்"னு ஆரம்பிச்சாலும் அது வேலைதான்.

இலங்கை, மற்றவை

யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் ஓடுது. பாஷைக் கஷ்டம் கிடையாது, கோயில் இருக்கு, சாப்பாடு ஒத்துப்போகும். 55 வயசு தாண்டினவங்களுக்கு இலங்கை 'மை ட்ரீம் ஹோம்'னு ஒரு விசா வச்சிருக்கு. 15,000 அமெரிக்க டாலர் அங்குள்ள பேங்கில் டெபாசிட், மாசம் 1,500 டாலர் வெளியிலிருந்து வரணும், கூட வர்ற ஒவ்வொருத்தருக்கும் 750. ஜோடியாப் போனா 2,250 டாலர். பக்கத்து ஊருன்னு நினைச்சா ஏமாந்திடுவீங்க, வருமான வரம்பில் இது போர்ச்சுகலைவிடக் கூடுதல்.

துபாய் 55 வயசுக்கு மேல் 5 வருஷ விசா கொடுக்குது. மாச வருமானத்தைக் காட்டிப் போறதா இருந்தா 15,000 திர்ஹம், நம்ம பணத்தில் மூணு லட்சத்தைத் தாண்டும். மலேசியாவோட எம்.எம்.2.எச். திட்டத்தை நிறையத் தமிழ்க் குடும்பங்கள் விசாரிக்கிறாங்க. இப்போ அதில் பொதுவான பிரிவின் கீழ்ப்படிக்கே 1,50,000 டாலர் டெபாசிட், 6 லட்சம் ரிங்கிட்டுக்கு வீடு. பென்ஷனை நம்பிப் போற திட்டமா அது இப்போ இல்லை. பனாமா மாசம் 1,000 டாலர் ஆயுள் பென்ஷன் இருந்தாப் போதும்னு சொல்லுது, மனைவிக்கு 250 கூட. ஓட்டல் சாப்பாட்டிலிருந்து விமான டிக்கெட் வரை ஓய்வூதியர் தள்ளுபடியும் உண்டு. ஆனா ஒரு சாவுக்குக்கூட நேரத்துக்கு வந்து சேர முடியாத தூரம். நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

தனியார் கம்பெனியில் இருந்து இ.பி.எஸ். பென்ஷன் மட்டும் வாங்குறவங்க கோவிச்சுக்காதீங்க, அந்தத் தொகைக்கு மேல சொன்ன எந்த நாடும் கிடைக்காது. ஆன்யுட்டி, வாடகை, வட்டி எல்லாம் சேர்த்துத்தான் நீங்க கணக்குக் காட்டணும்.

இப்போ அந்த இரண்டு கணக்கு

பேப்பரும் பேனாவும் எடுங்க. மத்திய அரசில் கடைசி அடிப்படைச் சம்பளம் 1,50,000னு வச்சுக்குவோம். பென்ஷன் அதில் பாதி, 75,000. அகவிலைப்படி 55 சதவீதம்னா (2025 ஜனவரி கணக்கு) 41,250. மொத்தம் 1,16,250. யூரோ 100 ரூபாய்னு வச்சா ஏறத்தாழ 1,160 யூரோ. ஜோடிக்கு வேண்டிய 1,305-க்கு இன்னும் கொஞ்சம் குறையுது. மாசம் 20,000 வாடகை வருதுன்னா தாண்டிடலாம்.

இங்கேதான் முதல் சறுக்கல். ரிட்டயர் ஆகும்போது பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமா, அதாவது கம்யூடேஷனா, வாங்கியிருப்பீங்க இல்லையா? 40 சதவீதம் வாங்கியிருந்தா 75,000-ல் 30,000 பிடிச்சுட்டுத்தான் பேங்குக்கு வரும். அகவிலைப்படி முழுத் தொகைக்கும் வரும்ங்கிறது ஒரு ஆறுதல். அப்போ கணக்கில் ஏறுறது 86,250. தூதரகத்தில் உட்கார்ந்திருக்கிறவர் பேங்க் ஸ்டேட்மென்டைத்தான் புரட்டுவார். பிடிக்கிற அந்தத் தொகை பென்ஷனில் மறுபடி சேர 15 வருஷம் ஆகும்.

இரண்டாவது கணக்கு. அவர் போயிட்டார்னா மனைவிக்கு வர்றது குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், தமிழ்நாடு அரசிலும் இதே விகிதம்தான். ரிட்டயர் ஆன கொஞ்ச வருஷத்துக்குள்ள இறந்தா சில காலம் கூடுதல் விகிதத்தில் தருவாங்க. மத்திய அரசில் 7 வருஷம், அல்லது அவருக்கு 67 வயசு ஆகியிருக்க வேண்டிய நாள், எது முன்னாடி வருதோ அதுவரை. அதுக்கப்புறம் நம்ம உதாரணத்தில் 45,000, அகவிலைப்படி 24,750, ஆக 69,750. யூரோவில் 700-க்குக் கீழே. ஒத்தை ஆளுக்கு வேணும்கிற 870-க்கே எட்டலை. விசா அவர் பேரில் இருந்தது, இவங்க கூடப் போன மனுஷி. துக்கத்தோட துக்கமா, தெரியாத ஊரில் குடியிருப்பு அனுமதிக்கும் ஓடணும்.

அந்த 20,000 வாடகை இருந்தா? 89,750. தப்பிச்சுடுவாங்க, நூலிழையில்.

அதனால அக்கா அடிச்சுச் சொல்றேன்: ஊரில் இருக்கிற வீட்டை விற்காதீங்க. "திரும்பி வரப்போறதில்லையே, வித்து அங்கே போட்டுடலாம்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. வாடகைக்கு விடுங்க, மனைவி பேரையும் பத்திரத்தில் சேர்க்க முடியுமான்னு பாருங்க. போற நாட்டில் மனைவி பேரில் தனியா ஒரு பேங்க் கணக்கு முதல் நாளிலிருந்தே இருக்கணும். கணவர் பேரில் மட்டும் இருக்கிற கணக்கு அவர் இறந்ததும் முடங்கிடும், வாரிசுச் சான்றிதழுக்கு நீங்க இங்கே தாலுகா ஆபீஸில் நிற்கணும். தாய்லாந்து மாதிரி நாட்டில் மனைவிக்கும் 50 தாண்டியிருந்தா, வசதி இருக்கிறவங்க அவங்களுக்குத் தனியாவே விசா எடுத்துடறது நல்லது. டெபாசிட் இரட்டிப்புதான், ஆனா யாரையும் தொத்திக்கிட்டு நிற்க வேண்டாம்.

காகிதங்கள்

பணத்தைவிட இதில்தான் நம்ம ஆளுங்க மாட்டிக்கிறாங்க. காரணம் இனிஷியல். பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வில் 'ஆர். சுந்தரம்', பாஸ்போர்ட்டில் 'சுந்தரம் ராமசாமி', ஆதாரில் 'சுந்தரம் ஆர்'. நமக்கு மூணும் ஒரே ஆள். லிஸ்பனில் இருக்கிற அதிகாரிக்கு மூணு ஆள். நோட்டரி முன்னாடி, இவர் ஒருவரேன்னு ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைங்க. முடிஞ்சா ஆவணங்களையே திருத்திடுங்க.

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிவு பண்ணணும்னு கட்டாயச் சட்டம் வந்ததே 2009-ல்தான். அதுக்கு முன்னாடி கல்யாணம் பண்ணின நம்மகிட்ட இருக்கிறது பத்திரிகையும் ஆல்பமும். மனைவிக்கு விசா கேட்கும்போது ஆல்பத்தை எவனும் பார்க்க மாட்டான். சார்பதிவாளர் ஆபீஸில் இப்போவே பதிவு பண்ணிடுங்க. பேரன் பேத்தியை எடுத்த வயசில் வரிசையில் நிற்கக் கூச்சமா இருக்கும், பரவாயில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாதவங்க பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஏத்துக்குவாங்களான்னு அந்தத் தூதரகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்க.

போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழை பாஸ்போர்ட் சேவா வழியா வாங்கலாம். ஆனா அதை எல்லாத்துக்கும் கடைசியா எடுங்க, சீக்கிரம் காலாவதி ஆகிடும். ஹேக் ஒப்பந்தத்தில் இருக்கிற போர்ச்சுகல், ஸ்பெயின், பனாமா மாதிரி நாடுகளுக்கு வெளியுறவுத் துறையோட அப்போஸ்டில் முத்திரை போதும்.

இங்கே விட்டுட்டுப் போற பென்ஷன்

நாடு மாறிட்டா, பென்ஷன் வர்ற சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டுவாசிகளுக்கான என்.ஆர்.ஓ. கணக்கா மாத்தணும். பென்ஷன் அதில் வந்துக்கிட்டே இருக்கும். வரி போக மீதியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இல்லை. ஆனா வரிதான் நிறைய பேருக்கு அதிர்ச்சி. புது முறையில் 12 லட்சம் வரை வரி இல்லைன்னு சந்தோஷமா இருக்கோமே, அது 87ஏ தள்ளுபடியால. அந்தத் தள்ளுபடி உள்நாட்டில் வசிக்கிறவங்களுக்கு மட்டும். வருஷம் 9 லட்சம் பென்ஷன் வாங்குற ஒருத்தர் இங்கே இருந்தா வரி பூஜ்யம். வெளிநாட்டுவாசி ஆகிட்டா, 75,000 நிலையான கழிவு போக, செஸ்ஸோட 23,400 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனா வரும்னு தெரிஞ்சிருக்கணும். சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் புதுசா கணக்கு தொடங்கவும் முடியாது, போடறதா இருந்தா கிளம்பும் முன்னாடி போட்டுடுங்க. அந்த நாட்டிலும் வரி உண்டான்னு இரட்டை வரி ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆடிட்டர் வேணும். அரசு பென்ஷனுக்கும் தனியார் பென்ஷனுக்கும் அதில் விதி வேற வேற. போர்ச்சுகலில் புதுசா வர்றவங்களுக்குக் கொடுத்த பழைய வரிச் சலுகை 2024-லிருந்து கிடையாது. இன்னமும் அதைச் சொல்லி ஆள் பிடிக்கிறவங்களை நம்பாதீங்க.

தாய்லாந்து டெபாசிட் மாதிரி பெரிய தொகையை இங்கே வசிக்கும்போதே அனுப்பினா, வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல போற பகுதிக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். வரி பிடிப்பாங்க. ரிட்டர்ன் தாக்கல் பண்ணித் திரும்ப வாங்கிக்கலாம், ஆனா அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. நிதியாண்டு முடியறப்போ பாதி, அடுத்தது பிறந்ததும் பாதின்னு அனுப்பினாச் சுமை குறையும்.

வாழ்நாள் சான்றிதழ் மறக்காதீங்க. மத்திய அரசு ஓய்வூதியர்னா வருஷா வருஷம் நவம்பர், 80 தாண்டினவங்க அக்டோபரிலேயே கொடுக்கலாம். வெளிநாட்டில் இருந்தா இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கலாம். மாநில அரசு ஓய்வூதியர்கள் கிளம்பும் முன்னாடியே கருவூலத்தில் போய், வருஷாந்திர நேர்காணலை வெளிநாட்டிலிருந்து எப்படி முடிக்கிறதுன்னு கேட்டு வைங்க. நேர்காணல் தவறிப் பென்ஷன் நின்னா, இங்கே இருக்கிறவர் பஸ் ஏறிப் போய்ச் சரி பண்ணிடுவார். அங்கே இருக்கிறவருக்கு அதுவே விசா பிரச்சினையா மாறும், ஏன்னா ஸ்டேட்மென்டில் மாசம் விட்டுப்போயிருக்கும்.

உடம்பு

மாநில அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடோ, மத்திய அரசோட சி.ஜி.எச்.எஸ். அட்டையோ கடல் தாண்டினா வேலைக்கு ஆகாது. போர்ச்சுகலில் குடியிருப்பு அனுமதி வந்தபிறகு அரசு மருத்துவச் சேவையில் பதிவு பண்ணிக்கலாம், அதுவரைக்கும் தனிக் காப்பீடு. சர்க்கரை, பி.பி. இருக்கிறதை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க, கிளெய்ம் வரும்போது அதையே காரணம் காட்டித் தட்டிக் கழிப்பாங்க. இதய அறுவைசிகிச்சை ஆகி இரண்டு வருஷம் ஆகாதவங்க இப்போதைக்கு இந்த யோசனையே வேண்டாம். சட்டம் அப்படிச் சொல்லலை, அக்கா சொல்றேன்.

கிளம்பும் முன்னாடி

டூரிஸ்ட் விசாவில் போய் ஒரு தடவை வாடகை வீட்டில் தங்கிப் பாருங்க. சுற்றுலா சீசனில் இல்லை, அந்த ஊரோட மோசமான மாசத்தில். சியாங் மாய் நகரத்தில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வயலும் காடும் எரியற புகை மூடிக்கிட்டு இருக்கும், ஆஸ்துமாக்காரங்களால ஒரு நாள் தாங்க முடியாது. போர்ச்சுகலில் பழைய வீடுகள் பலதில் ஹீட்டர் கிடையாது, ஜனவரியில் வீட்டுக்கு வெளியே இருக்கிறதைவிட உள்ளே குளிரும். நம்ம முழங்காலுக்கு அது ஆகுமான்னு நீங்களே போய்த்தான் பார்க்கணும்.

மேலே நான் சொன்ன தொகைகளை மனுப் போடற அன்னிக்கு அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் மறுபடி சரிபாருங்க. ஏஜென்ட் சொல்றதை மட்டும் கேட்டுக் காசு கட்டாதீங்க.

இந்த வாரமே பீரோவைத் திறந்து பி.பி.ஓ.வை வெளியே எடுங்க. அதில் மனைவி பேரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, விசாவுக்கு மனுப் போடறதுக்கு முன்னாடி அதைத் திருத்த மனுப் போடுங்க.